தாத்தாவின் ஆல்பத்தில் எதிரெதிராகத் திரும்பிய இரண்டு போதிசத்துவர்

கேட்டிருப்பவர் மதுரைக்காரர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், பள்ளிக் கண்காட்சிக்காக ‘அஞ்சல்தலைகளில் இந்தியச் சிற்ப மரபு’ என்ற பொருளை எடுத்திருக்கிறாள். தாத்தாவின் பழைய ஆல்பத்தைத் திறந்தபோது கருஞ்சிவப்பு நிறத்தில் இரண்டணா நடராசர் ஒருவரும், நீலப்பச்சை நிறத்தில் ஓரணாப் போதிசத்துவர் (பௌத்த மரபின் அருளாளர்) இருவரும் கிடைத்திருக்கிறார்கள். போதிசத்துவர் இருவரும் எதிரெதிர்ப் பக்கமாகத் திரும்பியிருப்பதைக் கண்ட உறவினர் ஒருவர், ஒன்று அச்சுப்பிழை என்றும் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்றும் சொல்லிவிட்டாராம். அது உண்மையா, மதுரைச் சிற்பங்களையும் சேர்த்துக் காட்ட வழியுண்டா என்பவை வெளிப்படையாகக் கேட்கப்பட்ட கேள்விகள். அஞ்சல்தலையில் உள்ள சிற்பப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவற்றுக்கு அடியில் கிடக்கும் கேள்வி; அதற்கு விடை கண்டுவிட்டால் மற்ற இரண்டும் தாமாகத் தெளிந்துவிடும். கோயில் சிற்பங்களை அளந்து, வரைந்து, படமெடுத்து ஆவணப்படுத்தும் பணியில் பல்லாண்டுகள் இருந்தவன், கூடவே அஞ்சல்தலை சேர்ப்பவன் என்ற இரண்டு தகுதிகளில் அவருக்கே பதில் எழுதுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் மூன்றும் ஒரே வரிசையின் அடிப்படையில் பிறந்தவை. சுதந்திர இந்தியா அன்றாடப் புழக்கத்துக்கென வெளியிட்ட முதல் முழு வரிசை அது; சேகரிப்பாளர்கள் அதைத் தொல்லியல் வரிசை என்பார்கள். 1949 ஆகஸ்ட் 15 அன்று, 3 தம்பிடி முதல் 15 ரூபாய் வரை பதினாறு மதிப்புகளில், நாசிக் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சாகி வந்தது. அதுவரை மன்னர் முகம் இருந்த இடத்தில் அஜந்தா யானையும், கோனார்க் குதிரையும், எலிபெண்டாவின் மும்முகச் சிவனும், போதிசத்துவரும், நடராசரும் வந்தமர்ந்தார்கள். மதிப்பு ஏற ஏறச் சிற்பம் விலகிக் கட்டடங்கள் வரத் தொடங்கின: சாஞ்சித் தோரணவாயில், புத்தகயைக் கோயில், புவனேசுவரம், பிஜப்பூர் கோல்கும்பஸ், கஜுராஹோ, அமிர்தசரஸ் பொற்கோயில், சித்தூர் வெற்றித்தூண், செங்கோட்டை, தாஜ்மகால், குதுப்மினார், பாலிதானாவின் சமணக் கோயில். சிற்பங்களை அரசு மலிவான தலைகளில் வைத்தது என்பதைக் கவனியுங்கள். காலணாவும் அரையணாவும்தான் எளியவர் கைக்கு வரும் தலைகள். பத்து ரூபாய்த் தலையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதே நாளில் புதுதில்லியில் தேசிய அருங்காட்சியகத்தைக் கவர்னர் ஜெனரலாக இருந்த இராஜாஜி திறந்துவைத்தார். 1947-48 குளிர்காலத்தில் லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் காட்சிக்கு வைக்கப்பட்டுத் திரும்பிய இந்தியக் கலைப்பொருள்களே அந்த அருங்காட்சியகத்துக்கு வித்து. இந்த இரண்டும் ஒரே நாளில் அமைந்தது யாரேனும் திட்டமிட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் உங்கள் மகளின் முதல் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

இனி அந்தப் போதிசத்துவர் இருவர். 1949-இல் வந்த ஓரணாத் தலையில் உருவம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. நீட்டியிருக்க வேண்டிய வலக்கை, படத்தில் இடக்கையாகிவிட்டது. ஒளிப்படத் தகட்டைப் புரட்டிப் போட்டாலே நேர்ந்துவிடக்கூடிய தவறு. எழுத்துகளும் மதிப்பும் நேராக இருந்ததால் பார்த்தவுடன் எவருக்கும் உறுத்தவில்லை. 1950-இல் உருவத்தைத் திருப்பி, திருத்திய தலையை வெளியிட்டார்கள். ஆகவே உறவினர் சொன்னதில் பாதி உண்மை: ஒன்று பிழையானது என்பது சரி. ஆனால் அது ஒரு தாளில் தப்பிப் பிறந்த அபூர்வம் அன்று. திருத்தப்படும் வரை நாடெங்கும் கடிதங்களில் ஒட்டப்பட்ட, முழுமையாகப் புழங்கிய வெளியீடு. முத்திரை குத்தப்பட்ட பிரதி இன்றும் எளிதில், சில்லறை விலைக்குக் கிடைக்கும். தவறான தலையே விலையுயர்ந்தது என்ற எண்ணம் அபூர்வப் பிழைகளுக்குத்தான் பொருந்தும். இரண்டையும் விற்க நினைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண்காட்சியில் வந்து நிற்கும் ஆசிரியரும் நடுவரும் அந்த இடத்தில் நிச்சயம் குனிந்து பார்ப்பார்கள்.

ஏன் பார்க்க வேண்டும் என்று அவள் விளக்கவும் வேண்டும். நம் சிற்ப மரபில் வலம், இடம் என்பது அழகுக்காகச் செய்யும் தேர்வு அன்று. அருளும் கை, அஞ்சேல் என்னும் கை, ஆயுதம் தாங்கும் கை, ஊன்றிய கால், தூக்கிய கால் ஒவ்வொன்றுக்கும் இன்ன பக்கம் என்று சிற்ப நூல்கள் வரையறுத்திருக்கின்றன. அதை மாற்றினால் உருவத்தின் பெயரே மாறிவிடலாம். போதிசத்துவர் உருவங்களில் வரம் தரும் கைமுத்திரையைப் பெரும்பாலும் வலக்கையில்தான் காண்கிறோம். அதை இடக்கையில் காட்டிய தலையைத் திருத்தியது வெறும் அச்சகச் சுத்தம் அன்று என்றே நான் கருதுகிறேன்.

மதுரைப் பிள்ளைக்கு இதை விளக்க, வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்காத சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பொதுவாக நடராசர் வலக்காலை முயலகன் மேல் ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுகிறார். ஆனால் நடராசர் ஆடும் ஐந்து சபைகளுள் வெள்ளியம்பலம் என்று பெயர் பெற்ற மதுரைச் சபையில் இறைவன் கால் மாறி நிற்கிறார். தூக்கிய கால் வலக்கால். ஆடற்கலையைக் கற்றுக் களைத்த இராசசேகர பாண்டியன், ‘நின்ற கால் நோகுமே, கால் மாற்றி ஆடியருள வேண்டும்’ என்று இறைஞ்சியதாகத் திருவிளையாடற் கதை சொல்லும். இப்போது எண்ணிப் பாருங்கள்: நாளை ஒரு தலையிலோ உறையிலோ வலக்கால் தூக்கிய நடராசர் வந்தால், அது மதுரை மூர்த்தமா, தகடு புரண்ட தில்லைக்கூத்தரா? காலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உடுக்கை வழக்கமாக வலப்பக்கப் பின்கையிலும், தீ இடப்பக்கப் பின்கையிலும் இருக்கும். காலோடு சேர்ந்து அவையும் இடம் மாறியிருந்தால் தகட்டின் மேல் ஐயப்பட வேண்டும். உங்கள் இரண்டணாத் தலையை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து மகளையே இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலின் சுவாமி சன்னிதிக்கு முன்னால், பக்தர்கள் வெண்ணெய் உருண்டை எறிந்து வழிபட்டுவந்த ஊர்த்துவ தாண்டவரையும் அவள் பார்த்திருப்பாள். அங்கே கால் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. ஒரே கோயிலுக்குள் ஒரே இறைவனின் கால் இத்தனை விதமாக எழுவதைக் கண்டு வளர்ந்தவளுக்கு இடவலப் பிழையை உணர்த்துவது கடினமாக இராது.

அடுத்தது, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. 9 தம்பிடி, அதாவது முக்காலணாத் தலையில் உள்ள எலிபெண்டா உருவத்தை அஞ்சல்தலைப் பட்டியல்கள் திரிமூர்த்தி என்றே குறிக்கும். பிரமன், திருமால், உருத்திரன் மூவரையும் ஒன்றாக்கிய வடிவம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதன் எச்சம் அது. இன்று கலை வரலாற்றாசிரியர்களிற் பெரும்பாலோர் அதைச் சிவனுடைய முகங்களைக் காட்டும் சதாசிவ வடிவமாகவே கொள்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் ஒரு பக்க முகத்தில் சீற்றமும் மறுபக்க முகத்தில் பெண்மையும் தெளிவாகத் தெரிகின்றன. பிரமனை அங்கே தேடுவது வலிந்து பொருள் கொள்வது. ஆகவே பட்டியலில் அச்சாகியிருக்கும் பெயரைச் சிற்பத்தின் இறுதிப் பெயராக எடுத்துக்கொள்ளாமல், ‘பட்டியல் இவ்வாறு சொல்கிறது, அறிஞர்கள் இவ்வாறு சொல்கிறார்கள்’ என்று இரண்டு வரி எழுதினால் போதும். அஞ்சல்தலை என்பது சிற்பத்தைப் பார்த்து ஒளிப்படக்காரர் எடுத்த படத்தைப் பார்த்து ஓவியர் வரைந்ததை அச்சகம் சிறிதாக்கித் தந்தது. நடுவில் இத்தனை கைகள் இருப்பதால், சிற்பம் பற்றிய சான்றாக அதை ஏற்பதற்கு முன் கல்லையோ வெண்கலத்தையோ காட்டும் நல்ல படத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

செவ்வியல் சிற்பம் என்ற சொல்லைத் தலைப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பியர் அதைக் கிரேக்க, உரோமானியச் சிற்பங்களுக்கும், வட இந்தியக் கலை வரலாறு பெரும்பாலும் குப்தர் காலத்துக்கும் வைத்துக்கொள்கின்றன. அப்படிக் கறாராகப் பார்த்தால் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோனார்க்குக்கே இடமில்லை, நாயக்கர் கால மதுரைப் புதுமண்டபம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பள்ளிக் கண்காட்சிக்கு அந்தச் சண்டை வேண்டாம்; ‘சிற்ப மரபு’ என்றே இருக்கட்டும்.

ஆனால் கிரேக்கர்களை ஒரு பக்கத்துக்காவது அழைப்பது நல்லது. 1896-இல் ஏதென்சில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது கிரேக்க அரசு பன்னிரண்டு தலைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. மைரான் வடித்த வட்டெறிவீரன், பிராக்சிடெலீசின் ஹெர்மீஸ், பையோனியசின் வெற்றித் தேவதை மூவரும் அதில் உண்டு. விற்ற பணம் போட்டிச் செலவுக்கும் உதவியது. பழைய சிற்பத்தைக் காட்டி ‘நாங்கள் யார் தெரியுமா’ என்று ஒரு சிறிய நாடு உலகுக்குச் சொன்ன முயற்சி அது. அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தியா செய்ததும் ஏறக்குறைய அதுவே. 1896 மூலப் பிரதிகளை வாங்க வேண்டியதில்லை, உயர் மதிப்புத் தலைகள் விலை அதிகம். படத்தை அச்செடுத்து, இது நகல் என்று கீழே எழுதி ஒட்டினால் போதும்.

நம் பக்கத்திலும் 1949-க்கு முன்னே தொடங்குவது நல்லது. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு வந்த வரிசையில் இராமேசுவரம் கோயில் இடம்பெற்றது. மன்னர் தலை பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் நம் சீமைக் கோயில் ஒன்று அவ்வளவு முன்னமே தலையில் ஏறிவிட்டது. 1947 டிசம்பர் 15 அன்று ஒன்றரையணாத் தலையில் சாரநாத்து அசோகத் தூணின் சிங்கத்தலை வந்தது. அது நாட்டின் சின்னமாக முறைப்படி ஏற்கப்பட்டது 1950 ஜனவரி 26-இல் தான் என்பதால், கடித உறைகள் அரசாணையை முந்திக்கொண்டன எனலாம். பின்னர் அரசு அலுவலகக் கடிதங்களுக்கான தலைகளில் அந்தச் சிங்கங்கள் நிரந்தரமாகக் குடியேறின. தாத்தா அரசுப் பணியில் இருந்தவரானால் ஆல்பத்தில் கட்டாயம் சில அகப்படும். 1961-இல் தொல்லியல் துறையின் நூற்றாண்டுக்கு வந்த தலைகளில் ஒன்றில், சிந்துவெளி நாகரிக ஊரான காலிபங்கனில் கிடைத்த முத்திரையைப் பார்க்கலாம். 1960-களின் நடுவில் தொடங்கிய புழக்க வரிசையில் காப்பிச்செடி, ரயில் எஞ்சின், போர்விமானம் ஆகியவற்றோடு 6 பைசாவில் கோனார்க் யானையும் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்த தலையைச் சேர்த்தால் காலவரிசை நம் காலம் வரை வந்துவிடும். இதற்கு மேல் அடுக்க வேண்டாம். நாற்பது தலைகளை வரிசையாக ஒட்டிய பலகையை எவரும் நின்று படிப்பதில்லை.

மதுரையை எங்கே வைப்பது? தலைக்கு எதிரே ஊர்ச் சிற்பத்தின் ஒளிப்படம் என்று இணைத்துக்கொண்டே போகலாம் என்பது என் யோசனை. நடராசருக்கு வெள்ளியம்பலம். கோனார்க் குதிரைக்குப் புதுமண்டபத்தின் கிழக்கு முகப்பில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரை வீரர்கள். அஜந்தா யானைக்கு, சித்தர் கொடுத்த கரும்பைத் தின்னும் கல்யானை. திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபத்தில் 124 தூண்கள். நாயக்க மன்னர்களின் உருவங்கள் தூணோடு தூணாக நின்று கைகூப்பிக்கொண்டிருக்கின்றன. புத்தகக்கடைகளும் தையல் எந்திரங்களும் பாத்திரக் கடைகளும் அடைத்துக் கிடந்த காலத்தில் அவற்றின் முழங்காலுக்குக் கீழே எவரும் பார்த்ததில்லை. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகே தூண்களின் முழு உயரம் கண்ணுக்குப் புலப்பட்டது. போதிசத்துவருக்கு இணையாகக் கீழக்குயில்குடிச் சமணர்மலையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களைக் காட்டுவேன். சமயம் வேறு, ஆனால் அமைதியைக் கல்லில் எப்படிக் காட்டுவது என்ற சிக்கல் இரண்டுக்கும் ஒன்றே.

படமெடுக்கும்போது ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் தலை வடிவமைப்பவர்களும் இதே தொல்லையில்தான் அகப்படுகிறார்கள். சிற்பம் நிழலால்தான் பேசும். நேர் எதிரே விளக்கடித்தால் மூக்கும் மார்பும் தட்டையாகிவிடும். ஒருபக்கச் சாய்வெளிச்சமே செதுக்கலின் ஆழத்தைத் தரும். சமணர்மலைப் புடைப்புச் சிற்பம் போல ஆழம் குறைந்த வேலை, சிறிய தலைக்குள்ளும் கோட்டுருவமாக நன்றாகப் பொருந்தும். கம்பத்தடி மண்டபத்து மீனாட்சி திருக்கல்யாணம் அவ்வாறு எளிதில் அடங்காது. நடுவில் நாணித் தலைகுனிந்த அம்மை, ஒருபுறம் சுவாமி, மறுபுறம் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால் என மூவரும் தூணைவிட்டுக் கிட்டத்தட்ட முழுதாகவே வெளியே வந்து நிற்கிறார்கள். நின்று சுற்றிப் பார்க்கும்போது கிடைப்பதில் பெரும்பங்கு, தட்டையாக்கி விரலகலத்துக்குச் சுருக்கும்போது போய்விடும். எனவே மதுரைச் சிற்பம் ஒன்று தலையில் சுமாராகத் தெரிந்தால் அதைச் சிற்பியின் குறையாக எண்ண வேண்டாம். கோயிலுக்குள் கைப்பேசிக்கும் படமெடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு; அனுமதி இல்லாத இடத்தில் மகளைக் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள். வரைந்தால் கண்ணும் பழகும்.

உள்ளூர்ப் பொருள்களைச் சேர்க்கையில் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ‘தபால்தலை வெளியீடு’ என்று நாளிதழில் வரும் செய்திகளில் பல உண்மையில் சிறப்பு உறை வெளியீடுகள். நினைவு அஞ்சல்தலை என்பது மத்திய அஞ்சல் துறை நாடு முழுமைக்கும் வெளியிடுவது. அதனுடன் முதல் நாள் உறையும், பொருள் பற்றிய தகவல் சிற்றேடும் வரும். சிறப்பு உறை என்பது ஓர் ஊரின் நிகழ்ச்சிக்காகவோ பொருளுக்காகவோ அச்சிட்ட உறை. அதன்மேல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள தலையை ஒட்டி, அன்றைக்கென்று செய்த முத்திரையைக் குத்துவார்கள். ‘மை ஸ்டாம்ப்’ என்பது மூன்றாவது வகை: பணம் கட்டினால் உங்கள் படத்தையே தலையின் பக்கத்தில் அச்சிட்டுத் தருவார்கள். மூன்றும் கண்காட்சியில் இடம்பெறலாம், ஆனால் எது எது என்று கீழே எழுதியிருக்க வேண்டும். தன் படம் போட்ட மை ஸ்டாம்பைக் காட்டி ‘அரசு எனக்குத் தபால்தலை வெளியிட்டது’ என்று சொல்லித் திரிபவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல்தலைப் பிரிவில் போய்க் கேட்டால் அண்மை வெளியீடுகளை முகமதிப்புக்கே வாங்கலாம். சேமிப்புக் கணக்குப் போல ஒரு வைப்புக் கணக்கு தொடங்கிவிட்டால் புதிய தலைகள் வீட்டுக்கே வந்துசேரும்.

விலை பற்றி மீண்டும் ஒரு சொல். நீங்கள் அனுப்பிய ஒளிப்படத்தை வைத்து இன்ன வெளியீடு என்று சொல்ல முடியும். இன்ன விலை என்று சொல்ல முடியாது, அப்படிச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். பின்புறப் பிசின் முழுதாக உள்ளதா, ஆல்பத்தில் ஒட்டப் பயன்பட்ட பழைய ஒட்டுத்தாளை உரித்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறதா, விளிம்புப் பற்களில் ஒன்றிரண்டு உடைந்திருக்கிறதா என்பவை கையில் எடுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். வெளிச்சத்தின் முன்னே பிடித்தால் தாளுக்குள் நட்சத்திர நீர்க்குறிகள் நிரந்துகிடப்பது தெரிய வேண்டும்; அது அந்தக் காலத்துத் தாளின் அடையாளம். முத்திரை குத்திய தலையில் ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தால் எடுத்து வையுங்கள்: ஆங்கில எழுத்தில் ‘மதுரா’ என்ற பழைய எழுத்துக்கூட்டலோடு ஒரு நடராசர் அகப்பட்டால், சந்தை விலை என்னவாக இருந்தாலும் உங்கள் மகளின் பலகைக்கு அதுவே நடுநாயகம். தாத்தா உறையோடு வைத்திருந்தால் தலையை வெட்டி எடுக்கவே கூடாது, முழு உறையாகவே காட்டுங்கள்.

ஒட்டும் வேலையைத் தொடங்குமுன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியவை சில உண்டு. பசையோ செலோ டேப்போ தலையில் படக் கூடாது. பின்னால் ஒட்டும் சிறு ஒட்டுத்தாளோ, அதைவிட நல்லது ஒளிபுகும் உறைப்பட்டையோ பயன்படுத்துங்கள். பிசின் உள்ள, முத்திரை குத்தாத தலையைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம். விரல் வியர்வை படாமல் தட்டை முனை இடுக்கியால் எடுக்கவும். பலகையை வெயில் விழும் சன்னல் பக்கம் வைத்தால் அந்தக் கருஞ்சிவப்பு வெளிறிவிடும், மதுரைச் சித்திரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். பாதுகாப்பு என்று எண்ணி எவரும் அவற்றை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சூட்டில் பிளாஸ்டிக் உறையின் பசை உருகித் தாளோடு ஒன்றிவிடும், பிறகு அதைப் பிரிக்க வழியில்லை.